இடி இடித்தால் பிடுங்கவும்

சிங்கப்பூருக்கு வடக்கே, ரெங்கத்தில் இன்பராணி குடியிருந்த வரிசையில் பதினோரு வீடுகள். பதினொன்றிலும் கைத்தொலைபேசி உண்டு; ஒன்றிலும் லைன் கிடையாது. முன்னால் ஒரு செம்பனைக் குன்று, பின்னால் ஒரு செம்பனைக் குன்று, நடுவே குழம்புச் சட்டியின் அடியில் கிடக்கும் உருளைக்கிழங்கு மாதிரி இந்த வீடுகள். பேச வேண்டுமென்றால் தெருமுனைச் சாக்கடைப் பாலத்துக்குப் போக வேண்டும். அங்கே நின்றால் இரண்டு கோடு காட்டும். மழை வந்தால் அதுவும் போய்விடும். சம்பந்தம் பேசியது, சண்டை போட்டது, சாவுச் செய்தி சொன்னது எல்லாம் அந்தப் பாலத்தில்தான். ஆகவே அந்த வரிசையில் யாருக்கும் ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை.

வீட்டுக்குள் வைஃபை இருந்தது. சாயங்காலம் டிவியில் நாடகம் ஓடுவது அதில்தான். மகள் கிளாரிசா சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் முகம் காட்டிப் பேசுவாள். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவதில்லையே. அங்கேதான் இன்பராணிக்குச் சிக்கல் வந்தது.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் வெளிச்சம், இருட்டு என்று மட்டும் சொல்லும். வலது கண்ணுக்கு உலகம் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அதை அவர் வெளியில் சொல்லவில்லை. மாதா கோயில் பூசையில் மாதம் இரண்டு ஞாயிறு பைபிளின் முதல் வாசகம் வாசிப்பவர் அவர். இருபது வருடமாக அது அவருடைய இடம். கிளாரிசாவை வாசித்து அனுப்பச் சொல்லி, அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, புத்தகத்தைத் திறந்து வைத்து ஒப்பித்து வந்தார். ஒரு ஞாயிறு, போன வாரத்து வாசகத்தையே ஏற்ற இறக்கத்தோடு முழுதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. உபதேசியார் திமோத்திக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, நல்லா இருந்துச்சு. ஆனா போன வாரமும் அதேதான் நல்லா இருந்துச்சு" என்றார் அவர், பூசை முடிந்ததும். "கண்ணைப் பாருங்கக்கா. அதுவரைக்கும் அபிகெயில் வாசிக்கட்டும்."

அபிகெயில் நல்ல பெண்தான். ஆனால் தீர்க்கதரிசியின் சொற்களை ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வாசிப்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனார். அறுவை சிகிச்சைக்குப் பெயர் எழுதினார்கள். இடையில் யாராவது வராமல் போனால் அந்த இடத்தைத் தருகிறோம், கூப்பிடுகிறோம் என்றார்கள். முதல் தடவை கூப்பிட்டபோது இன்பராணி சமையற்கட்டில் இருந்தார். இரண்டாம் தடவை பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பாலத்துக்குப் போன பிறகுதான் தவறிய அழைப்புகள் டிங் டிங்கென்று வந்து விழுந்தன. திரும்பக் கூப்பிட்டார். தாதி பொறுமையாகச் சொன்னாள்: அடுத்த வாரம், திங்கள் முதல் வெள்ளிக்குள், ஆபீஸ் நேரத்தில் இன்னொரு தடவை கூப்பிடுவோம். மூன்றாவது தடவையும் எடுக்காவிட்டால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும். அப்புறம் ஒன்பது மாதம். மகள் நம்பரைக் கொடுக்கலாம் என்றால், கிளாரிசாவின் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே பூட்டி வைத்துவிட வேண்டும்.

ஐந்து நாள் பாலத்தில் நிற்க முடியுமா? அதுவும் மாலை மழைக் காலத்தில்?

அன்றிரவு கிளாரிசா குரல் செய்தி அனுப்பினாள். "அம்மா, உங்க போன்லயே வைஃபை அழைப்புன்னு ஒண்ணு இருக்கு. அதைத் திறந்துவிட்டா சாதாரண நம்பருக்கு வர்ற காலும் வைஃபை வழியா வீட்டுக்குள்ளயே வரும். புதுசா ஒண்ணும் வாங்க வேணாம். அமைப்புகள் போங்க, இணைப்புகள் போங்க, அங்க இருக்கும். பக்கத்து வீட்டு பாயைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க. அவருக்குக் கண்ணு நல்லா தெரியும்ல."

ஜெய்னுலாபுதீனுக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். டவுனில் சாப்பாட்டுக் கடை நடத்தி, அதை மகன் ஆசிமிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். மறுநாள் காலை, இன்பராணி இடியாப்பத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தபோது வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனை வாங்கினார். விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அக்கா, போன் தமிழ்ல இருக்கு."

"ஆமா பாய். கிளாரிசா அப்படிப் போட்டுக் குடுத்தா. எனக்கு அதான் வசதி."

"எனக்கு வசதி இல்லையே. நான் படிச்சது மலாய் ஸ்கூலு."

"உங்க கடை போர்டு தமிழ்லதானே இருக்கு?"

"அது போர்டு எழுதுறவன் எழுதுனது. சரியா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன் லா."

படிக்கத் தெரிந்தவருக்குக் கண் இல்லை. கண் இருந்தவருக்குப் படிப்பு இல்லை. இன்பராணி சிரித்துவிட்டார். சிரித்தபடியே, மாவு பரப்பியிருந்த கறுப்புத் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"என்ன தெரியுதோ அதை அப்படியே இதுல பெருசா வரைங்க பாய். நான் படிக்கிறேன்."

பாய் சட்டைக் கையை மடித்துவிட்டு, திரையில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, உள்ளங்கை அகலத்துக்கு மாவில் வரைந்தார். கறுப்புத் தட்டில் வெள்ளை மாவு. விரல் போன இடம் கறுப்பாகத் தெரிந்தது. இன்பராணி குனிந்து, மூக்கில் மாவு ஒட்ட, வலது கண்ணால் பார்த்தார்.

"இது 'ஒ'. 'ஒலி'யா இருக்கும். நமக்கு வேணாம், கீழ போங்க."

தட்டைக் குலுக்கி அழித்தார். அடுத்த எழுத்து.

"இது என்ன பாய், கோழி கிளறுன மாதிரி இருக்கு?"

"நான் என்ன செய்யறது? உங்க எழுத்தே அப்படித்தான் இருக்கு!"

"மூணு சுழி போட்டு, முன்னால ஒரு கொம்பு வெச்சிருக்கா?"

"அலமாக், ஆமா!"

"அது 'ணை'. இணைப்புகள்! தொடுங்க, தொடுங்க."

இப்படி முக்கால் மணி நேரம். கடைசியில் 'வைஃபை அழைப்பு' என்ற வரி மாவில் முழுதாக எழுந்து நின்றபோது இருவருக்கும் தாடையெல்லாம் வெள்ளை. பக்கத்தில் இருந்த பொத்தானை பாய் பிஸ்மில்லா சொல்லித் தள்ளினார், அது நீலமாகியது. மேலே, மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு போன் படம் வந்து உட்கார்ந்தது. இன்பராணிக்கு அது ஒரு நீலப் புள்ளியாகத்தான் தெரிந்தது, போதும்.

பாயின் மனைவி மீரா பீவி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் மாவுல விளையாடுறீங்க?"

விஷயத்தைச் சொன்னார்கள்.

"என்னைக் கூப்பிட்டிருந்தா ஒரே நிமிஷத்துல படிச்சிருப்பேனே" என்றார் மீரா பீவி. "எட்டாவது வரைக்கும் நான் ஊர்ல தமிழ்லதானே படிச்சேன். இவருக்குக் கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் தெரியாது."

பாய் அதைக் கேளாதவர்போலப் பாலத்துக்கு நடந்தார். அங்கிருந்து கூப்பிட்டார். இன்பராணியின் சமையற்கட்டில் போன் மணி அடித்தது. வாட்ஸ்அப் மணியைத் தவிர, அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அதற்குள் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. இன்பராணி எடுத்து, "ஹலோ, யாரு?" என்றார், தெரியாததுபோல.

"நான்தாக்கா. லைன் தெளிவா இருக்கா?"

"பாலத்துல நாய் குரைக்கிறது வரைக்கும் கேக்குது."

திங்கள் போனது. செவ்வாய், புதன் போயின. இன்பராணி குளிக்கப் போனாலும் போனைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி கூப்பிடவில்லை.

இனி பெர்னார்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்பராணியின் கணவர். போன தவக்காலத்தில், பசியாறிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்தவர், அப்படியே போய்விட்டார். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கை இருபத்தெட்டு வருடம் பார்த்துக்கொண்டவர். ஆகவே எதைக் கண்டாலும் டேப் ஒட்டி எழுதிவிடுவார். சீனி டப்பாவில் 'சீனி'. பின்கதவில் 'தாழ்ப்பாள் போட்டாயிற்றா?' மோடத்தின் பிளக்குக்கு மேலே, சுவரில், கறுப்பு மையில், கொட்டை எழுத்தில்: 'இடி இடித்தால் பிடுங்கவும்'. அதற்குக் கீழே மை ஏதோ இழுபட்டதுபோல ஒரு கறை. இன்பராணி ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்துப் பார்த்தும் போகவில்லை.

அந்த எழுத்து சும்மா வந்ததல்ல. ரெங்கத்து இடி இரண்டு மோடங்களைத் தின்றிருந்தது. அதற்குப் பிறகு முதல் இடி எங்கோ உறுமியதும் பெர்னார்ட் வாசலுக்கு வந்து, "பிளக்கு!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். பதினோரு வீட்டிலும் பிளக்குகள் பிடுங்கப்படும். மழை விட்டு இலை சொட்டி முடிவதற்குள் தன் வீட்டுப் பிளக்கை அவரே ஓடிப்போய் மாட்டிவிடுவார். அவர் போன பிறகு அந்தச் சத்தத்தை இன்பராணி எடுத்துக்கொண்டார். வரிசையில் யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவராகத்தான் செய்தார். ஒரு தடவையும் தவறவிட்டதில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. ஒரு உறுமல். இன்பராணியின் கால்கள் அவரைக் கேட்காமலே வாசலுக்குப் போயின.

"பிளக்கு!"

"பிளக்கு!" என்று பாய் வீட்டிலிருந்து பதில் வந்தது. கடைசி வீட்டு ரூபேந்திரன் வரைக்கும் குரல் ஓடியது. இன்பராணி உள்ளே வந்து தன் பிளக்கைப் பிடுங்கினார். கடமை முடிந்த நிம்மதியோடு தேநீர் ஊற்றி உட்கார்ந்தார். மழை கொட்டத் தொடங்கியது. ஒரு வாய் குடித்துவிட்டு, வழக்கம்போல் போனின் மூலையைப் பார்த்தார்.

நீலப் புள்ளி இல்லை.

தேநீர்க் கோப்பையை அப்படியே கீழே வைத்தார். தன் வீட்டு மோடத்தை மட்டுமா, வரிசையில் இருந்த எல்லா மோடத்தையும் அல்லவா தன் வாயாலேயே அணைத்திருந்தார்! பாலத்துக்கு ஓடினாலும் இந்த மழையில் ஒரு கோடுகூட இருக்காது. மூன்றரை. ஆபீஸ் நேரம் இன்னும் ஒன்றரை மணி.

பிளக்கைக் கையில் எடுத்தார். சுவரில் அந்த எழுத்து. மங்கலாகத் தெரிந்தாலும் அவருக்குப் பாடம்தான். வானம் ஒரு தடவை வெளுத்து அடங்கியது. பெர்னார்ட் எழுதி வைத்ததை, அவர் போன பிறகு ஒரு நாளும் மீறியதில்லை. உயிரோடு இருந்தபோது மீறியதெல்லாம் கணக்கில் வராது.

"கோவிச்சுக்காதீங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "உங்க எழுத்தையும் நான் படிக்கணும்ல."

மாட்டினார்.

மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், விழித்தன. இன்பராணி மங்கள வார்த்தை ஜெபத்தை நான்கு தடவை சொன்னார். ஐந்தாவதின் நடுவில் நீலப் புள்ளி வந்தது. ஏழாவதில் பக்கத்து ஜன்னல் படாரென்று திறந்தது.

"அக்கா! உங்க வீட்டு மோடம் எரியுது!"

"தீயா?"

"தீ இல்லக்கா, விளக்கு! இடி இடிக்குது, யாரு மாட்டினது?"

"நான்தான் மாட்டினேன். கத்தாதீங்க பாய், ஆஸ்பத்திரி கூப்பிடும்!"

பாய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, மோடத்துக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்பவர்போல நின்றார். நின்று என்ன செய்வார் என்று அவருக்கும் தெரியாது. மீரா பீவியும் பின்னால் வந்தார். மூவரும் மேசை மேல் இருந்த போனைப் பார்த்தபடி, அடுப்பில் பால் பொங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு மணி அடித்தது.

"புவான் இன்பராணி?" மலாயில் கேட்டாள் தாதி. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருவர் வரவில்லையாம். காலை ஏழு மணிக்கு வர முடியுமா? சர்க்கரை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? இன்பராணி ஒவ்வொன்றுக்கும் வாசகம் வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். வெளியே இடி கேட்கும்போதெல்லாம் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி மக்சிக், செவ்வாய்க்கிழமை பார்ப்போம்" என்று, சொந்த அத்தையை அழைப்பதுபோலச் சொல்லிவிட்டுத் தாதி போனை வைத்தாள்.

மீரா பீவி கைதட்டினார். பாய் "அல்ஹம்துலில்லா" என்று நாற்காலியில் சாய்ந்தார். இன்பராணி பிளக்கைப் பிடுங்க எழுந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் வீடே வெளுத்தது. குன்றின் மேல் பிளந்துகொண்டு விழுந்தது ஒரு இடி. மோடம் 'டக்' என்றது. எல்லா விளக்கும் அணைந்தன. லேசாகக் கருகல் வாசனை.

மூவரும் அதையே பார்த்தார்கள்.

"பெர்னார்ட் சொன்னா சொன்னதுதான்" என்றார் பாய்.

"ஆனா நல்ல மோடம். பேசி முடிக்கிற வரைக்கும் பொறுத்துச்சு பாருங்க" என்றார் மீரா பீவி.

இன்பராணி சிரிக்க ஆரம்பித்தார். கணவர் போனதிலிருந்து அந்தச் சமையற்கட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. "சொன்னேன்ல?" என்று சட்டைப்பையில் பேனாவோடு அவர் நிற்பது அத்தனை தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கண் வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை வலது கண்ணைச் செய்தார்கள். மறுநாள் கட்டை அவிழ்த்தபோது முதலில் தெரிந்தது தாதியின் சட்டைப் பொத்தான். நான்கு ஓட்டை, நீல நூல். கிளாரிசா விடுப்பு எடுத்து வந்து வீட்டில் விட்டுப் போனாள். அதற்குள் புது மோடமும் வந்து சேர்ந்திருந்தது. வந்தவன் பொருத்திவிட்டு, பிளக்கை மட்டும் மாட்டாமல் போயிருந்தான்.

இன்பராணி அதை எடுத்துக் குனிந்தார். சுவரில் கொட்டை எழுத்து தெளிவாக நின்றது. அதன் கீழே, இரண்டு தடவை ஈரத்துணியால் துடைத்த அந்தக் கறையும் இப்போது தெளிவாக இருந்தது. அது கறை இல்லை. பொடி எழுத்தில் பெர்னார்ட் தமக்கே எழுதி வைத்துக்கொண்ட இன்னொரு வரி:

'மழை நின்றதும் மறவாமல் மாட்டவும். இன்பாவுக்கு நாடகம் உண்டு.'

குனிந்தபடியே அந்த வரியை விரலால் தடவி இன்னொரு தடவை படித்தார். பிறகு, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

அன்று மாலையும் இடி இடித்தது. "பிளக்கு!" என்று குரல் கொடுத்தார். பதினோரு வீடும் பதில் சொன்னது. மழை பெய்து ஓய்ந்தது. வாசலுக்கு மறுபடியும் வந்து, இலை சொட்டுவது நிற்கும் முன்பே, இன்பராணி புதிதாக ஒரு சத்தம் கொடுத்தார்.

"மாட்டலாம்!"

பாய் ஜன்னலில் தலையை நீட்டினார். "என்னக்கா, இது புதுசா இருக்கு?"

"புதுசு இல்ல பாய். பழசுதான். நான் இன்னிக்குத்தான் படிச்சேன்."