சந்தன நிறச் சேலையில் இரண்டு சொட்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுகையிலிருந்து. அதுவும் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் இரண்டாம் மாடியில், ஐப்பசி முகூர்த்தக் கூட்டத்தில், ஒரு கல்யாணப் பெண்ணின் முன்னால் வந்த அழுகை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "மனசுல தோணுறதை எழுதிப் பாருங்க" என்றார். டைரி எழுத வெட்கமாக இருந்தது. கதை என்றால் பொய் சொல்லலாம், இல்லையா?

முதல் தொடக்கம்:

சுகாசினி பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அன்று காலை அவள் புன்னகையோடு

[நிறுத்திவிட்டேன். கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது.]

இரண்டாவது தொடக்கம்:

அன்று மதியம் அலமாரியில் இருந்த சேலைகள் எல்லாம் தாமாகவே அவிழ்ந்து, படிக்கட்டில் வழிந்து, ரோட்டைக் கடந்து, ஏகாம்பரநாதர் கோபுரம் இருக்கும் பக்கமாக மெல்ல ஓடின. ஆட்டோக்காரர்கள் வழிவிட்டார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. சுகாசினி அவற்றின் மேல் மிதந்துகொண்டு

[இது பிடித்திருக்கிறது. முழுப் பொய்யும் இல்லை. அந்த மாதங்களில் எனக்கு அப்படித்தான் இருந்தது. எதிரில் இருப்பவரின் வாய் அசையும். சத்தம் கொஞ்சம் கழித்து வந்து சேரும். சோறு ருசிக்காது. காலையில் பாயை விட்டு எழுவதே பெரிய வேலையாக இருக்கும். அடடா, "எனக்கு" என்று எழுதிவிட்டேன். கவனித்தீர்களா?]

2

சுகாசினி மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் ரொம்ப அழகாக அழுகிறாள். மூக்கு ஒழுகுவதில்லை.

சரி, ஒப்புக்கொள்கிறேன். சுகாசினி என்று யாரும் இல்லை. கடையில் சேலை காட்டுவது நான், மணிவண்ணன், முப்பத்து நான்கு வயது. ஆம்பிள்ளை அழுதான் என்று எழுதக் கூச்சப்பட்டு ஒரு பெண்ணைக் கூட்டிவந்தேன். அவளைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

நடந்தது இதுதான். சந்தன நிறம், அரக்குக் கரை. கல்யாணப் பெண்ணின் அம்மா, "தோள்ல போட்டுக் காமிபா" என்றார். எங்கள் வேலையில் மீசை வைத்தவன் முந்தானை போட்டுக்கொண்டு நிற்பது சாதாரணம், யாரும் சிரிப்பதில்லை. போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். அங்கே நின்றவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. காரணமே இல்லாமல் கண்ணிலிருந்து இரண்டு சொட்டு முந்தானையில் விழுந்தது.

பட்டில் தண்ணீர் பட்டால் காய்ந்த பிறகும் வளையம் நிற்கும். அவர்கள் வேறு சேலை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அதைக் கறை உள்ளே போகும்படி மடித்து, அலமாரியில் ஆக அடியில் சொருகிவிட்டேன்.

3

அடுத்த மாதமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனச்சோர்வு என்றார்கள். எட்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது சத்தம் நேரத்துக்கு வந்து சேர்கிறது. போன வாரம் மீன் குழம்பில் புளி தூக்கலாக இருப்பது தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கெட்ட நாட்கள் போய்விடவில்லை. வருகின்றன, ஆனால் போகவும் செய்கின்றன.

என் மனைவி அம்சாவுக்கு இதெல்லாம் தெரியாது. மாத்திரை பைக் பெட்டிக்குள் இருக்கிறது. மாதம் ஒரு செவ்வாய் சரக்கு எடுக்கச் சின்ன காஞ்சிபுரம் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் இதே போல மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேள்விப்பட்ட அன்று அம்சா, "பாவம், அவன கட்னவ" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவளிடம் சொல்ல எனக்கு வாயே வரவில்லை.

போன முறை டாக்டரம்மா, "அடுத்த தடவை வீட்டுலேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார். அடுத்த தடவை என்பது நாளை மறுநாள்.

4

ஆடியில் கல்யாணக் கூட்டம் இருக்காது. விற்காத சேலைகளை எடுத்து மடிப்பு மாற்றுவது அந்த மாதத்தில்தான். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், முனைக்கு ஒருவர். என் எதிர்முனையில் வள்ளி அக்கா. எனக்கு முன்பே கடைக்கு வந்தவர். ஆறாவதோ ஏழாவதோ விரித்தபோது சந்தன நிறம் வந்துவிட்டது. நானே மறந்திருந்தேன்.

"இன்னா மணி, முந்தானைல தண்ணி பட்டிருக்குது? எந்த கஸ்டமர் பண்ண வேல இது?"

கஸ்டமர்தான் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது.

"கஸ்டமர் இல்லக்கா. நான்தான். அழுதுட்டேன்."

"எதுக்குபா?"

"தெரிலக்கா. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கேன். மாத்திர சாப்புடறேன்."

[பெரிதாக ஏதாவது புத்தி சொல்வார் என்று பயந்தேன். கதையாக மட்டும் இருந்தால் சொல்ல வைத்திருப்பேன்.]

"வூட்ல தெரியுமா?"

"தெரியாது."

"சரி, இழுத்துப் புடி. நடுவுல தொங்குது பாரு."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. மேனேஜரிடமும் நானே போய்ச் சொன்னேன். திட்டித் தீர்த்துவிட்டு, "நீயே எடுத்துக்கினு போ" என்றார். [சம்பளத்தில் பிடிக்கிற கதை தனி. அது இங்கே வேண்டாம்.]

5

முடிவுகள்.

ஒன்று: அம்சா அழுகிறாள், நானும் அழுகிறேன், வெளியே மழை. [மழையை எடுத்துவிடவும். ஏற்கெனவே தண்ணீர் பட்டதுதான் பிரச்சினை.]

இன்னொன்று: அம்சா பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள். [எட்டு மாதமாகத் தினமும் மனசுக்குள் எழுதிப் பார்த்த முடிவு இது. காகிதத்தில் ஒரு வரிகூட முழுதாக வரவில்லை.]

அப்புறம், செவ்வாய்க்கிழமை காலை, ஒரே பைக்கில் இரண்டு பேர்

[இதை நான் தனியாக எழுத முடியாது.]

6

அம்சா, "கவனித்தீர்களா" என்று மரியாதையாகக் கேட்டதெல்லாம் உன்னைத்தான். இந்தக் கதைக்கு வேறு வாசகர் கிடையாது.

இந்த நோட்டைச் சேலை மடிப்புக்குள் வைத்து, நீயாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அதுவும் ஒளிப்பதுதான். அதனால் உன் கையிலேயே கொடுக்கிறேன். இதை நீ படிக்கும்போது நான் எதிரே நின்றுகொண்டிருப்பேன். சேலையை விரித்துவிட்டேன், கறை மேலே தெரியும்படி. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு முனையை நான் பிடித்திருக்கிறேன். மறுமுனை உன் காலடியில் கிடக்கிறது.