இடது காது பாக்கி

குலதெய்வக் கோயில் வேப்பமரத்தடியில் அன்று இருந்தவர்கள்: தாய்மாமன் தவசிலிங்கம், அவர் தங்கை விருமாயி, தங்கையின் கணவர் காசிமாயன், நாகு ஆசாரி, மாலை போட்டு நிறுத்தியிருந்த வெட்டுக் கிடாய், தவசிலிங்கத்தின் மடியில் ஒரு வயது மருமகன் கபிலன். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பிறகு சாப்பிட வந்தவர்கள்.

எங்கள் வகையறாவில் காது குத்தி முடிக்காமல் தாய்மாமன் பிள்ளையை மடியிலிருந்து இறக்கக் கூடாது. இதுவரை எவரும் இறக்கியதில்லை. தவசிலிங்கம் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஒரு ஜோடிக் கடுக்கன் அவர் சட்டைப் பையில் இருந்தது.

ஆசாரி வலது காதில் சந்தனப் பொட்டு வைத்தார். ஊசியை எடுத்துத் திரும்பினார். பொட்டு ஒரு விரற்கடை மேலே போயிருந்தது.

"பிள்ளை அசையுது."

"அசையல ஆசாரி. வளருது."

"அதுவும் அசையுறதுதான். கெட்டியாப் பிடிங்க."

தவசிலிங்கம் கெட்டியாகப் பிடித்தார். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் முடி முளைத்துவிட்டது. பிள்ளை பேச ஆரம்பித்தான்.

"மாமா, ஆடு எதுக்கு மாலை போட்டிருக்கு?"

"அதுக்கு இன்னைக்கு விசேஷம்."

"அதுக்கும் காது குத்துவாங்களா? அதோட மாமா எங்க?"

"சும்மா இருடா."

கிடாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

பால் பற்கள் விழுந்தன. கபிலன் அவற்றை மாமாவின் சட்டைப் பையில், கடுக்கனோடு போட்டுவைத்தான். மாமாவின் முழங்காலை மேசையாக வைத்துக் கணக்குப் போட்டான். தப்பாக வந்தபோது முழங்காலிலேயே அழித்தான். விருமாயி ஒரே கிண்ணத்திலிருந்து இருவருக்கும் ஊட்டினாள்.

ஆசாரி அடுத்த பொட்டு வைப்பதற்குள் கபிலனின் குரல் உடைந்தது. அதுவரை மாமாவின் நெஞ்சில் சாய்ந்திருந்தவன் முழங்கால் விளிம்புக்கு நகர்ந்தான். கூட்டாளிகள் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்கள்.

"கைய எடுங்க மாமா. பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

காசிமாயன் குனிந்து மெதுவாகச் சொன்னார். "இறக்கிவிட்டுருங்க மச்சான். காது குத்தாட்டி என்ன இப்ப?"

"உங்க வகையறாவுல அது செல்லும் மாப்ள."

மீசை வந்தது. கூட்டாளிகளின் சைக்கிள்கள் வாசலில் நின்றபடியே பைக்குகளாயின. கபிலனின் கால்கள் பாயைத் தாண்டி மணலில் கிடந்தன. தவசிலிங்கத்துக்கு இப்போது சாமி தெரியவில்லை. மருமகனின் முதுகு மட்டும் தெரிந்தது. அதைக் கும்பிட்டுக்கொண்டார்.

வேப்பமரத்தடிக்கு ஓசூர் பேருந்து வந்து நின்றது. கபிலனுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. அவன் பேருந்தைப் பார்த்தான். பிறகு, முதுகு காட்டியதிலிருந்து முதல் தடவையாக, திரும்பினான்.

"மாமா, கால் மரத்துப் போகலயா?"

"என்ன கேட்ட?"

"கால். வலிக்கலயான்னு கேட்டேன்."

ஆசாரி காதைப் பார்த்தார். பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

"இப்ப அசையல," என்றார். ஊசியை இறக்கிக் கடுக்கனை மாட்டினார்.

கபிலன் அழவில்லை. அழும் பிள்ளைக்கென்று வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்து மாமாவின் வாயில் வைத்தான்.

பேருந்து ஹாரன் அடித்தது.

"இடது காது?" என்றார் ஆசாரி.

"லீவுல வர்றேன்."

பேருந்து போய்விட்டது. ஆசாரி ஊசியைத் துடைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். காது குத்து முடியாமல் வெட்ட முடியாது என்பதால் கிடாய் படுத்துக்கொண்டது.

"எந்திரிங்கண்ணே," என்றாள் விருமாயி.

"மெதுவாப் பேசு," என்றார் தவசிலிங்கம். அவர் கைகள் கெட்டியாகப் பிடித்தபடியே இருந்தன. ஒற்றைக் கடுக்கன் பையில் பால் பற்களோடு இருந்தது.

காது குத்தி முடிக்கும் முன்பே தவசிலிங்கம் மருமகனை மடியிலிருந்து இறக்கிவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. பிள்ளை மடியில்தான் இருக்கிறான். ஓசூரில் வேலை பார்க்கிறான்.