திருப்பும் குரல்

எந்தப் பாட்டானாலும் இரண்டு சுரம் காதில் விழுந்தால் போதும், அதன் சுருதி எது என்று சொல்லிவிடுவேன். ஐம்பது வருடம் கல்யாணங்களில் கிளாரினெட் வாசித்தவன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்தத் திமிர்தான் எட்டு மாதம் என்னை முட்டாளாக வைத்திருந்தது.

என் மனைவி கலிரோய்க்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. என் பெயர்கூட வாயில் வரவில்லை. ஆனால் அடுப்பங்கரை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மெட்டை முனகுவாள். மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம், மறுபடி மேலே, கடைசியில் கீழே போய் நின்றுவிடுவாள். யானினா நகர ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள்: "அது எந்தப் பாட்டுன்னு கண்டுபிடிங்க. கூடவே பாடினா வார்த்தையும் ஒட்டிக்கிட்டு வரலாம். எனக்குத் தெரிஞ்சு வேற வழி இல்லங்க."

எனக்கு ஒரே ஒரு சொல் போதும். திட்டினால்கூடச் சந்தோஷம்தான்.

நிற்கிற இடம்தானே ஆதார சுருதி? அவள் நின்ற சுரத்தை ஆதாரமாக வைத்து, எங்கள் பக்கத்துப் பாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். கல்யாணப் பாட்டு, ஒப்பாரி, ஆடு மேய்க்கிறவர்கள் பாட்டு, எதுவும் ஒட்டவில்லை. மழையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். ஒருநாள் பொறுக்காமல், "என்னதான் பாடுற, சொல்லித் தொலையேன்டி" என்று கத்திவிட்டேன். சொல்ல முடியாதவளிடம் போய்.

சந்தைக்கு வந்த கோட்சோஸ், வெங்காயத்தாள் வைத்துச் சுட்ட அப்பம் ஒன்றை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கலிரோயின் அத்தை மகன். கலிரோய் வீட்டார் சாப்பாட்டு மேசையில் கூடிப் பாடும்போது, ஒரே சுரத்தை விடாமல் இழுத்துச் சுருதி பிடித்தவன். பாட்டில் சந்தேகம் வந்து சுருதி பிடிக்கிறவனிடம் நான் போய் நிற்பேனா? அதனால்தான் அதுவரை அவனைக் கூப்பிடவில்லை.

அவள் முனகியதைக் கேட்டதும் சிரித்தான். "மாப்ளே, நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்க. ஒருத்தி பாட்ட எடுப்பா, இவ அதுக்குத் திருப்புற குரல்டா. ஆதாரத்துக்கு ஒரு படி கீழ போய்ப் போய் மேல வருவா. நாங்க பிடிச்சுக் கொடுக்காம எங்க வந்து நிப்பா?"

நாற்காலியை இழுத்துப்போட்டு, அவள் நின்ற இடத்துக்கு ஒரு படி மேலே சுருதி பிடித்தான். அவ்வளவுதான். கலிரோய் நிமிர்ந்தாள். கீழே போனாள், மேலே வந்தாள், அவன் சுரத்திலேயே வந்து நின்றாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக அந்த மெட்டு முடிந்தது. நான் அழுதுவிட்டேன்.

"எந்தப் பாட்டு மச்சான் அது?"

"திருப்புறது எல்லாப் பாட்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். பாட்ட எடுக்கிற முதல் குரல்தான் பாட்டு."

முதல் குரல் அவள் அக்கா எவான்தியா. செத்து மூன்று வருடம் ஆகிறது. அவர்கள் பாடியது ஒரே ஒரு நாடாவில் இருக்கிறது, எங்கள் மகன் கல்யாணத்தில் எடுத்தது. அதில் என் கிளாரினெட்தான் கேட்கிறது.

கோட்சோஸ் சுருதி பிடிக்க, தெரிந்த முதல் குரலையெல்லாம் நானே எடுத்தேன். பதினேழு பாட்டு. ஒவ்வொரு தடவையும் கலிரோய் நான் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தாள். பிறகு வாயை லேசாகத் திறந்துகொண்டு வாசலைப் பார்த்தாள்.

கோட்சோஸ் சுருதியை விட்டான். "போதும் மாப்ளே. இதுல எந்தப் பாட்டும் இல்ல. எவான்தியா என்ன எடுப்பாளோ, இவ அதுக்குத் திருப்புவா. இவளா ஒரு பாட்ட எடுத்ததே கிடையாது. அவ வருவான்னு உக்காந்திருக்கா."

"செத்தது இவளுக்குத் தெரியுமே."

"தெரிஞ்சிருந்தது."

மூன்று மணிப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். அவன் கொண்டுவந்த அப்பம் அப்படியே ஆறிக் கிடந்தது.

பயிற்சிக்கு இப்போது அழைத்துப் போவதில்லை. கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன். காலையில் அவள் முனக ஆரம்பித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படி மேலே சுருதி பிடிக்கிறேன். அவள் கீழே போய், மேலே வந்து, என் சுரத்தில் சேர்ந்து நிற்கிறாள். பிறகு வாசலைப் பார்க்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை நான் விடாமல் பிடிக்கப் பார்க்கிறேன். எனக்குத்தான் மூச்சு முதலில் தீர்ந்துபோகிறது.