சங்கு கேட்டு வந்தவன்

இந்த வாயில் கொள்ளிக்கட்டையைச் செருகினாலும் தகும். எங்கள் ஹைட்டியில், மோர்ன் சவான் மலையடிவாரத்தில், அல்திதோர் சங்கு ஊதினான் என்றால் எந்த ஆண்பிள்ளையும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டான். அந்த அல்திதோர் நான்தான்.

கொன்பிட் என்றால் அப்படித்தான். ஒருவன் நிலத்தில் வேலை இருந்தால் சங்கு ஊதும். ஊரே மண்வெட்டியோடு வந்து நிற்கும். யாருக்கு, எதற்கு என்று வந்த பிறகுதான் கேட்பார்கள். நான் நடுவில் நின்று பாட்டெடுப்பேன், அந்தத் தாளத்துக்கு மண்வெட்டிகள் விழும். பொழுது சாய்ந்ததும் நிலத்துக்காரன் ஆட்டுக்கறியும் சோளச்சோறும் போட்டு, கரும்புச் சாராயம் ஊற்றி அனுப்புவான். கறியில் உப்பு குறைந்தால்கூட அடுத்த கொன்பிட்டில் அவன் மானத்தைப் பாட்டிலேயே கப்பலேற்றிவிடுவேன்.

அமெரிக்கப் பட்டாளம் வந்து இறங்கி மூன்றாவது வருஷம் அது. எங்களுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுக்க வந்தார்களாம். முதலில் எங்கள் துறைமுகச் சுங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், அப்புறம் ஒழுங்கைப் பற்றிப் பேசினார்கள். தூ! எங்கள் பகுதிக்கு வந்த கேப்டன் சிவந்த கழுத்துக்காரன். எந்நேரமும் சிரித்த முகம்.

அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் பிரிவுத் தலைவர் டெமோஸ்தேன் ஒருநாள் என் முற்றத்துக்கு வந்தார். எங்களில் ஒருவர்தான். என் கல்யாணத்தில் குடித்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுத மனுஷன். இப்போது புதுத் தொப்பி, புது விறைப்பு.

"ரோடு போடணும் அல்திதோர். பழைய சட்டம் ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு ஒரு ஆள், மூணு நாள் வேலை. சாப்பாடு கேப்டன் பொறுப்பு."

வேலை, சாப்பாடு, கூப்பிடுகிறவன் ஒருவன். என் மரமண்டைக்கு அது கொன்பிட்டாகத்தான் பட்டது. பக்கத்திலிருந்த சேலியூஸுக்கும் அப்படித்தான். அவன் என் தங்கை ரோசீலியாவின் புருஷன். மண்வெட்டி பிடித்தால் மூன்று ஆளுக்குச் சமம்.

"வெள்ளைக்காரன் கொன்பிட் வைக்கிறானா? பார்த்துடுவோம் மச்சான்! கறியை வேக வைக்கத் தெரியுமான்னு கேளு!" என்று அவன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

ரோசீலியா மட்டும் சிரிக்கவில்லை. "ரோடு யாருக்குண்ணே? நம்ம கழுதைக்கு இருக்கிற பாதை பத்தாதா?"

"நீ சும்மா கெட" என்றேன். சங்கை எடுத்து ஊதினேன்.

மூன்று நாள் பாறை உடைத்தோம். கேப்டனுக்கென்றே ஒரு பாட்டுக் கட்டினேன்: பூட்ஸு போட்ட ராசாவே, ஆட்டை எங்கே கட்டிவச்சே? அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் குஷியாகி பூட்ஸால் தாளம் போட்டான். மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தான்.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தது. எங்கள் ஆட்கள் ஓடையில் கைகால் கழுவி, வட்டமாக உட்கார்ந்து, அவரவர் சுரைக்குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். விருந்து வருமாம்! அந்தக் காட்சி கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"ஆடு கத்துற சத்தமே காணோமே மச்சான்" என்றான் சேலியூஸ்.

சிப்பாய்கள் துப்பாக்கியும் கயிறுமாக வந்தார்கள். இடுப்புக்கு இடுப்பு கயிறு கட்டினார்கள். மலைக்கு அப்பால் இன்னொரு ரோடாம். எத்தனை நாள் என்று கேட்டவனுக்குத் துப்பாக்கிக் கட்டையால் பதில் விழுந்தது. என்னையும் எழுப்பினார்கள். அதற்குள் கேப்டன் விரலை ஆட்டி ஏதோ சொன்னான்.

டெமோஸ்தேன் என் காதருகே வந்தார். "நீ வீட்டுக்குப் போ. அடுத்த ஊருக்குச் சங்கு ஊத ஆள் வேணும்ல?"

போனேன். வேறென்ன சொல்ல? கயிறு கட்டாத இடுப்போடு வீட்டுக்குப் போனேன். கயிற்றில் நின்ற சேலியூஸ் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தினான். "என் பங்குக் கறியையும் நீயே தின்னுடு மச்சான்!"

நான்கு மாதம் அவனைப் பற்றித் தகவலே இல்லை. ரோசீலியா வாரம் தவறாமல் சோற்று மூட்டையோடு காவல் முகாமுக்குப் போவாள், அதை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பி வருவாள். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அடுத்த ஊருக்குச் சங்கு ஊதச் சொன்னபோது உதடு புண் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். வீரம் அவ்வளவுதான் எனக்கு.

ஜூன் மாதம் டெமோஸ்தேன் மறுபடி வந்தார். முகத்தில் எண்ணெய் வழிந்தது.

"புது அரசியல் சட்டம் வருது. ஞாயித்துக்கிழமை விட்டா புதன்கிழமை ஓட்டு. வெள்ளைச் சீட்டு போட்டா சரின்னு அர்த்தம், ரோஸ் சீட்டு போட்டா வேணாம்னு அர்த்தம். நீ ஊதினா எல்லாரும் வருவானுங்க. இந்த ஊர்ல வெள்ளையா விழுந்தா, அன்னைக்கே சேலியூஸ் வந்து நிப்பான். கேப்டனே சொல்லிட்டார்."

நான் ஓடிப்போய்த் தங்கையிடம் சொன்னேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அந்தச் சட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாண்ணே? டவுன் சந்தையில பேசிக்கிறாங்க. வெளிநாட்டுக்காரன் இனிமே நம்ம மண்ணை வாங்கலாமாம். அடிமைச் சங்கிலியை அறுத்து எறிஞ்ச நாள்லேருந்து அவனுகளுக்கு ஒரு முழம் கொடுத்ததில்ல நாம."

"மண்ணு கெடக்கு, முதல்ல ஆளு வரட்டும்டி!"

"எனக்கில்லாத ஆசையா உனக்கு? படுக்கிற பாயே முள்ளா குத்துது." அவள் இன்னொரு காயை எடுத்து உரித்தாள். "அவர் வந்தா நிக்கிறதுக்கு ஒரு இடம் வேணாமா? ஒருதடவை அவனுக பேச்சை நம்பி ஊதினே. பட்டது பத்தாதா?"

பத்தவில்லை எனக்கு. புதன்கிழமை விடிந்ததும் மேட்டில் ஏறி நின்று, மலை எதிரொலிக்க ஊதினேன். உதடு வெடித்து ரத்தம் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊதினேன். மிச்சமிருந்த ஆண்கள் வந்தார்கள். பழக்க தோஷம், பாதிப் பேர் மண்வெட்டியோடு வந்தார்கள்.

"யார் நிலத்துல கொன்பிட்?" என்று கேட்டார் கிழவர் ஒக்லேயூஸ்.

"சேலியூஸுக்காகத்தான் பெரியவரே. வெள்ளைச் சீட்டை எடுத்துப் பெட்டியில போடுங்க. அவ்வளவுதான்."

முகாம் முன்னால் மாமரத்தடியில் மேஜை. அதன்மேல் வெள்ளைச் சீட்டு குவிந்து கிடந்தது, வாரி வாரிக் கொடுத்தார்கள். ரோஸ் சீட்டுக் கட்டு மறுகோடியில் இறுக முடிச்சுப் போட்டபடி, ஒரு சிப்பாயின் முழங்கைக்கு அடியில் இருந்தது. வேண்டுமென்றால் கேப்டன் பார்க்க நாமே முடிச்சை அவிழ்த்துக்கொள்ளலாமாம். சுதந்திரமான ஓட்டு! யாரும் அவிழ்க்கவில்லை. கடைசியாக நானும் வெள்ளையைப் போட்டேன். கேப்டன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். வேர்த்து வழுவழுத்த கை. கால்சட்டையில் எத்தனை தேய்த்தும் அந்த ஈரம் போகவில்லை.

ரோசீலியா வந்திருந்தாள். வேண்டாம் என்று சொன்னவள்தான், ஆனாலும் இருந்த ஒரே ஆட்டை அறுத்துச் சமைத்து, சட்டியைத் துணியால் மூடித் தலையில் சுமந்து வந்து ஓரமாக நின்றாள். முகாம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதையேதான் பார்த்தேன்.

அவன் கதவு வழியாக வரவில்லை. எங்களுக்குப் பின்னால், மலைப்பாதையிலிருந்து ஓடி இறங்கினான். எலும்பும் தோலுமாக இருந்தான், உடம்பெல்லாம் சேறு. இடுப்பில் அறுத்த கயிற்றின் மிச்சம் தொங்கியது. மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்று சிரித்தான்.

"சங்கு கேட்டுச்சு மச்சான். எட்டு நாளா மேல குகையில ஒளிஞ்சு கெடந்தேன். உன் ஊதல்னு தெரிஞ்சதும் ஊரே எழும்பிடுச்சுன்னு நெனச்சேன். அவ்வளவு நேரம் ஊதினியே, யாருக்கு என்ன ஆபத்து?"

அப்போதுதான் மேஜையைப் பார்த்தான். சிப்பாய்களைப் பார்த்தான். அவர்கள் ஏற்கெனவே அவனைச் சுற்றி வந்துவிட்டிருந்தார்கள். அவசரமே படவில்லை, காத்திருந்த மாதிரி வந்தார்கள்.

நான் டெமோஸ்தேனின் சட்டையைப் பிடித்தேன். "அவன் தப்பிச்சது உனக்குத் தெரியுமாடா?"

"கையை எடு. எட்டு நாளா தேடறோம். இந்த மலையில எவன் கண்டுபிடிப்பான்? நீ ஊதினா எங்கிருந்தாலும் வந்துடுவான்னு நான்தான் கேப்டன்கிட்ட சொன்னேன்."

கேப்டன் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொல்லிச் சிரித்தான். டெமோஸ்தேனும் சிரித்துக்கொண்டே அதை எங்களுக்குச் சொன்னார். "வெள்ளைச் சீட்டு விழுந்தா அன்னைக்கே வருவான்னு சொன்னேன்ல, வந்துட்டானான்னு கேக்கறார்."

புதுக் கயிறு கட்டினார்கள். சேலியூஸ் முரண்டு பிடிக்கவில்லை. ரோசீலியாவின் தலையிலிருந்த சட்டியைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

"கறி ஆச்சா மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

ரோசீலியா சட்டியோடு அவனிடம் போனாள். ஒரு சிப்பாய் வழிமறித்துத் துணியை விலக்கி, கையை விட்டு ஒரு துண்டை எடுத்துத் தின்றான். விரலைச் சப்பிக்கொண்டு நன்றாயிருக்கிறது என்று கேப்டனுக்குத் தலையாட்டினான். பிறகு சட்டியையே வாங்கிக்கொண்டார்கள். சேலியூஸை இழுத்துக்கொண்டு போனார்கள். கேப்டன் பின்னால் நடந்தான், என் பாட்டை முணுமுணுத்தபடி.

என் கையிலிருந்து சங்கு எப்போது விழுந்ததென்று தெரியவில்லை. ரோசீலியா குனிந்து எடுத்தாள். ஒட்டியிருந்த மண்ணைப் பாவாடை நுனியால் துடைத்தாள். என் தலையில் போட்டு உடைப்பாள் என்று நினைத்தேன், உடைத்தால் தேவலை என்றிருந்தது. அவள் அதை என் கையில் திரும்ப வைத்தாள்.

"ஊதுண்ணே" என்றாள். "மேல இன்னும் யாராச்சும் மிச்சம் இருப்பாங்க."