ஏழாவது ஓட்டம்

படம் எடுக்க வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ரயிலில் ஏறி ஓரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் அவர்களில் ஒருவருக்கும் கிடையாது. நல்ல இடமாகப் பார்த்து இறங்குவார்கள். ரயில் பின்னால் போகும். பிறகு புகை கக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து ஓடும். படபடவென்று எடுத்துத் தள்ளிவிட்டு, "இன்னொரு தடவை" என்பார்கள். இதற்கென்றே தனி வண்டி விட்ட பழைய ரயில் பாதை அது. மொத்தம் பதினான்கு கிலோமீட்டர், நடுவில் ஒரு மேடு.

ஃபயர்மேனுக்கு வயது நாற்பத்தாறு. இதற்கு முன் பதினேழு வருடம் சாயப்பட்டறை பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவன். அங்கே புகை கருப்பாக வந்தால் ஃபோர்மேன் ஓடிவந்து அவன் பிறப்பையே இழுத்துத் திட்டுவான். கரி சரியாக எரியாமல் வீணாகிறது என்று அர்த்தம். இங்கே கருப்பாக வராவிட்டால்தான் திட்டு. முதல் வாரம் அவனுக்கு இது விளங்கவே இல்லை. பிறகு விளங்கிக்கொள்வதை விட்டுவிட்டான்.

டிரைவர், அவன் மனைவியின் அண்ணன். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதை நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது.

போன வருடம் ஃபயர்மேன் கைப்பிரேக் போடாமல் இறங்கிப் போய்விட, என்ஜின் தானாக நாலடி உருண்டது. எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். இரண்டாவது எச்சரிக்கை விழுந்தால் அப்புறம் என்ஜினில் ஏற முடியாது, கடைசிவரை ஷெட்டில் சாம்பல் குழிதான் என்பது அந்த ரயில்வேயின் சட்டம். அவனுக்கு ரயில் மேல் காதல் கீதல் எதுவும் இல்லை. ஆனால் சாம்பல் குழியில் வேலை செய்த ஆட்கள் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறான். என்ஜினில் முகத்துக்குக் காற்று வரும். இரண்டு நிமிடம் உட்காரப் பலகை உண்டு. நாற்பது வயதுக்கு மேல் வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்த சுகம் அது ஒன்றுதான். அதை விட அவனுக்கு மனம் இல்லை.

அன்று காலை மேட்டின் ஏற்றத்தில் கூட்டம் இறங்கியது. அவர்களை வரிசைப்படுத்த ஒருவர் இருந்தார். கழுத்தில் விசில், கையில் சிவப்புக் கொடி. வரிசையைத் தாண்டி எவனாவது ஒரு காலை முன்னால் வைத்தால் விசில் கிழியும்.

"அண்ணே, உங்க தொப்பி என் படத்துல பாதிய அடைக்குது!"

"தலையவே கழட்டி வச்சுடறேன், போதுமா?"

"தலை பரவால்ல, தொப்பிய எடுங்க."

விசில்காரர் என்ஜினிடம் வந்து அண்ணாந்து பார்த்தார். "டிரைவர் சார், ஃபயர்மேன் அந்தப் பச்சை மேல்சட்டைய கழட்டணும். பழைய காலத்துப் படம்ங்க இது, சட்டை பளபளன்னு அடிக்குது."

"கழட்டு மாப்ளே. உன்னைய எண்பது வருஷம் பின்னால கொண்டு போறாங்களாம்."

"எண்பது வருஷம் முன்னாடி எங்க தாத்தா மூட்டை தூக்கிட்டு இருந்தாரு மச்சான். அங்க போயி நான் என்ன பண்ண?"

விசில்காரர் சிரிக்கவில்லை. அவருக்குச் சொல்ல இன்னும் ஒன்று இருந்தது. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரைத் திறந்தால் என்ஜினின் அடியில் தண்ணீர் சொட்டி ஆவி பறக்கிறது. சக்கரங்கள் மங்கலாகிப் படம் கெட்டுப்போகிறது. ஓட்டம் நடக்கும்போது அதைத் திறக்காமல் இருக்க முடியுமா?

ஃபயர்மேன் டிரைவரைப் பார்த்தான். "தண்ணி ஏத்தாம எத்தனை ஓட்டம் மச்சான் ஓட்டுறது?"

"கண்ணாடில எவ்வளவு காட்டுது?"

"பாதிக்கு மேல."

"அப்புறம் என்ன? போடாத. அவங்க ஆசைப்படுறாங்க."

ஓட்டம் தொடங்கியது. அரைக் கிலோமீட்டர் பின்னால் போவது, நிற்பது, ஃபயர்மேன் ஆறேழு மண்வாரி கரியை ஒரே மூச்சில் கொட்டி அடுப்புக் கதவைச் சாத்துவது, டிரைவர் நீராவியைத் திறப்பது. கருப்புத் தூண் மாதிரி புகை எழும். வரிசையிலிருந்து நூறு பூச்சிகள் கத்துவதுபோல் சத்தம் வரும். முதல் ஓட்டத்தில் வெயில் மேகத்துக்குள் போய்விட்டது. இரண்டாவதில் காற்று புகையை வரிசையின் மேலேயே தள்ளி, எல்லோரும் இருமினார்கள். மூன்றாவது நன்றாக வந்தது. அதனாலேயே நான்காவது வேண்டும் என்றார்கள். ஐந்தாவதில் ஒரு காகம். ஆறாவது எதற்கு என்று யாருக்கும் நினைவில்லை.

ஒவ்வொரு தடவையும் ஃபயர்மேன் கண்ணாடியைப் பார்த்தான். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று காட்டும் குழாய் அது. அடுப்புப் பக்கம், அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேல். பிறகு பாதி. பிறகும் பாதிதான்.

ஏற்றத்தில் என்ஜினின் மூக்கு மேலே தூக்கி நிற்கும். தண்ணீர் பின்பக்கம், அடுப்பை நோக்கி, ஓடி வந்து தேங்கும். கண்ணாடி அங்கே இருப்பதால் அதிகமாகவே காட்டும். பின்னால் போனாலும் முன்னால் வந்தாலும் அதே சரிவுதான், அதே பொய்தான். ஃபயர்மேனுக்கு இது தெரியாமல் இல்லை. பாடம் படித்த அன்றே தெரியும். ஆனால் ஆறு தடவை பார்த்து ஆறு தடவையும் பாதி என்று கண்டவனுக்கு, ஏழாவது தடவை கணக்குப் போடத் தோன்றவில்லை.

ஏழாவது ஓட்டம் கடைசி. ரயில் மேட்டைத் தாண்டி அந்தப்பக்கம் இறங்கி நிற்கும், அங்கேயே எல்லோரும் ஏறிக்கொள்ளலாம் என்று விசில்காரர் அறிவித்தார். கூட்டம் மேட்டு உச்சிக்கு ஓடியது. அவர்களில் ஒரு பல் டாக்டரம்மா மட்டும் வரிசையில் நிற்காமல், இறக்கத்தில் தனியாக, தண்டவாளத்துக்குப் பக்கத்து மண்திட்டில் போய் நின்றார். எல்லோரும் எடுக்கிற அதே படம் தனக்கெதற்கு என்பது அவர் கட்சி.

புகை பிரமாதமாக வந்தது. உச்சியில் கைதட்டினார்கள். என்ஜின் மேட்டைத் தாண்டி, மூக்கைக் கீழே சாய்த்து, இறக்கத்தில் நின்றது. ஃபயர்மேன் வழக்கம்போல் கண்ணாடியைப் பார்த்தான்.

தண்ணீரே இல்லை. குழாய் வெறுமையாக இருந்தது.

அவன் குழாயின் கீழ்த் திருகைத் திறந்தான். ஆவி மட்டும் சீறியது.

"மச்சான், தண்ணி இல்ல."

"முன்னால ஓடியிருக்கும். இன்ஜெக்டரத் திற."

திறந்தான். தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஆனால் அது விரல் கடை அளவு ஏறவே பல நிமிடம் பிடிக்கும். அதுவரை அடுப்பின் தலைமேல் இருக்கும் தகடு தண்ணீர் இல்லாமல் காயும். கீழே ஏழு ஓட்டத்துக்குக் கொட்டிய கரி வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. தகடு இளகினால் பாய்லர் வெடிக்கும். பாய்லர் வெடித்தால் என்ன ஆகும் என்று சாயப்பட்டறையில் ஒரு தடவை பார்த்திருக்கிறான். மூன்று பேரை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். அவன் செருப்பை வைத்து அடையாளம் சொன்னான்.

"நெருப்பைக் கொட்டிடணும் மச்சான்."

"பைத்தியமா உனக்கு? கொட்டினா வண்டி இங்கயே செத்துடும். டீசல் என்ஜின் வந்துதான் இழுக்கணும். ரிப்போர்ட் எழுதணும். உனக்கு ரெண்டாவது எச்சரிக்கை, எனக்கு எட்டு மாசத்துல கெட்ட பேரு. ரெண்டே கிலோமீட்டர் மாப்ளே, கீழ ஸ்டேஷன் சமதரை. அங்க போனா தண்ணி தானா திரும்பி வரும்."

"பின்னால ஏத்தத்துக்குத் தள்ளுவோமா?"

"தண்டவாளம் பூரா ஆளு நிக்குது, யார் மேல ஏத்தச் சொல்ற?"

உண்மைதான். உச்சியிலிருந்து முப்பத்தேழு பேரும் முக்காலிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, தண்டவாளத்திலேயே நடந்து வந்தார்கள். தள்ள முடிந்திருந்தாலும், காய்ந்த தகட்டின் மேல் தண்ணீர் திடீரென்று பாய்வது இன்னும் மோசம்.

ஃபயர்மேன் தரையிலிருந்த நீண்ட நெம்புகோலைப் பிடித்தான். அதை இழுத்தால் அடுப்பின் அடித்தட்டு கவிழ்ந்து நெருப்பு மொத்தமும் கீழே விழும். டிரைவர் அவன் முழங்கைக்கு மேலே பிடித்தார்.

"சொல்றதக் கேளு. உன்னை இந்த வேலையில சேர்த்தது நான்."

"அதுக்காக உங்க கூட சாகணுமா?"

இழுத்தான். தட்டு கவிழ்ந்தது. நெருப்பு கீழே கொட்டி, தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவில் பரவி, வெப்பம் இரண்டு பக்கமும் வீசியது. நடந்து வந்தவர்கள் சிதறி ஓடினார்கள். பத்தடி ஓடியதும் திரும்பி நின்று கேமராவைத் தூக்கினார்கள். "ஐயோ சூப்பர்!" என்று யாரோ கத்தினார்கள்.

டீசல் வர ஒன்றேகால் மணி நேரமானது.

மறுநாள் பாய்லர் மேஸ்திரி ஆறிய அடுப்புக்குள் தவழ்ந்து போனார். தகட்டில் ஈய அடைப்பு ஒன்று பதித்திருக்கும். தகடு காய்ந்தால் முதலில் உருகுவது அதுதான். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேர்த்திருக்கு. ஓரமெல்லாம் வழிஞ்சு நிக்குது. ஸ்டேஷன் வரைக்கும் போயிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன், வேற யாராவது வந்து பொறுக்கியிருப்பாங்க."

அன்று மாலை மேலாளர் அறையில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட ஃபயர்மேனைக் கூப்பிட்டார்கள். டிரைவர் ஏற்கெனவே எழுதியிருந்தார். ஃபயர்மேன் தண்ணீரைக் கவனிக்கவில்லை என்றும், கண்ணாடி காலியானதைத் தான் கண்டதாகவும், உடனே நெருப்பைக் கொட்ட உத்தரவிட்டதாகவும் இருந்தது. இன்ஜெக்டரைப் போடாதே என்று சொன்னது எங்கேயும் இல்லை.

ஃபயர்மேன் இரண்டு தடவை படித்தான். "நாளைக்குப் போடுறேன் சார்" என்றான்.

"எதுக்கு நாளைக்கு?"

"இன்னொரு தடவை படிக்கணும்."

வீட்டில் மனைவியிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணன் அப்படி எழுதுவாரா?"

"எழுதியிருக்காரு. எழுத்து கூட நல்லா குண்டு குண்டா இருக்கு."

அவள் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "அவர் மேல சொன்னா அவர் போயிடுவாரு. சொல்லலைன்னா நீங்க போயிடுவீங்க. என்கிட்ட ஏன் கேக்குறீங்க? நான் யார் பக்கம்னு எனக்கே தெரியல."

"கேக்கல. சொன்னேன்."

பல் டாக்டரம்மா மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வந்தார். எடுத்த படங்களில் ஆட்கள் இருந்தால், அச்சடித்துக் கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுப்பது அவர் பழக்கம். கூட்டத்தில் இப்படிச் செய்பவர் அவர் ஒருவர்தான். உறையைப் பிரித்தால், மண்திட்டிலிருந்து பக்கவாட்டில் எடுத்த படம். என்ஜின் அறை திறந்து தெரிகிறது. ஃபயர்மேன் குனிந்து நெம்புகோலைப் பிடித்திருக்கிறான். டிரைவர் அவன் கையைப் பற்றியிருக்கிறார். நெருப்பு இன்னும் விழவில்லை.

"நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எனக்கு நல்லா வந்திருக்கு டாக்டர்."

அவன் நேராக மேலாளரிடம் போனான். மேலாளர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கையைப் பிடிச்சிருக்காரு. தடுக்கிறாரா, இழுக்க உதவி பண்றாரா? படத்துல வாய் திறந்து பேசுறது யாரும் இல்ல."

"அவரையே கேளுங்க சார்."

டிரைவரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் ஃபயர்மேனைப் பார்க்கவில்லை. மேலாளர் படத்தை மேசைமேல் திருப்பி வைத்தார். டிரைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

வெகுநேரம் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் அவரை ஆயிரக்கணக்கானவர்கள் படம் எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, நிமிர்ந்து, எங்கோ தூரம் பார்ப்பார். அப்படித்தான் தன் முகம் என்று நினைத்திருந்தார். இதில் வாய் கோணி, கண் பிதுங்கி, தெருவில் அடி வாங்கப் போகிற ஆள்போல் இருந்தார்.

"இது நானா?" என்றார்.

மேலாளர் ரிப்போர்ட்டை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தடுத்தேன் சார். கொட்டாதன்னு சொன்னேன். தண்ணி ஏத்த வேணாம்னு சொன்னதும் நான்தான்." படத்தைத் தள்ளி வைத்தார். "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேற என்ன சொல்ல முடியும்?"

மேலாளர் ரிப்போர்ட்டைக் கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்திலேயே புதிதாக எழுதினார். தண்ணீர் இறங்க விட்டது ஃபயர்மேன் தவறு. டிரைவர் சொன்னாலும் கண்ணாடியைக் கணக்குப் போட வேண்டியது அவன் வேலை. அதற்கு மூன்று மாதம் ஷெட். டிரைவர் சொல்லை நம்பிச் செய்ததால் இரண்டாவது எச்சரிக்கை இல்லை. மூன்று மாதம் கழித்து என்ஜினில் ஏறலாம்.

"நெருப்பைக் கொட்டினதுக்கு சார்?" என்று கேட்டான் ஃபயர்மேன்.

"அதுக்கு நன்றி. ரெண்டும் வேற வேற, கூட்டிக் கழிக்க முடியாது."

டிரைவருக்கு மிச்சமிருந்த எட்டு மாதமும் ஷெட்.

திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு ஃபயர்மேன் டிரைவர் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி ஹார்ன் அடித்தான். முப்பத்தொரு வருடம் நூறு டன் என்ஜினை ஓட்டியவருக்கு இரண்டு சக்கர வண்டி ஓட்ட வராது. இவன் வேலையில் சேர்ந்த நாள் முதல் இவன் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்கு வந்தார். கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தான்.

டிரைவர் சாப்பாட்டுப் பையோடு வந்தார். பின்னால் ஏறாமல் பக்கத்தில் நின்றார்.

"நடந்தே போயிடலாம்னு பாத்தேன்."

"ஒன்பது கிலோமீட்டர் மச்சான்."

"தெரியும்."

பைக் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"கிளம்புறப்ப உங்க தங்கச்சி கேட்டா," என்றான் ஃபயர்மேன், "ரெண்டு பேரும் சேர்ந்துதான் போறோமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் சொல்லல."

டிரைவர் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். "போ. பள்ளத்துல பாத்துப் போ" என்றார்.