இருமலைத் துறக்க மலைக்குப் போனது

என் கணவர் அறவாழி இறந்த பின்னரும் அவருடைய இருமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. அலமாரியில், வானொலிப் பெட்டிக்கு அருகில், அதற்கு இடம் ஒதுக்கியிருந்தேன். அது யாருக்கும் தொல்லை தருவதில்லை. நான் கண்ணை மூடினால் மட்டும் ஒருமுறை இருமும். மீண்டும் மூடினால் மீண்டும் இருமும். அவர் போனது முதல் நான் உறங்கவில்லை.

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள். பெரம்பூரில், தகரக் கூரையிட்ட கூடம் ஒன்றில், ஞாயிறுதோறும் பாய் விரித்துப் பஞ்சசீலம் சொல்லித் தியானத்தில் அமர்வோம். மணி வாங்க எங்களுக்கு வசதியில்லை. கடைசி வரிசையில் அறவாழி ஒருமுறை இருமினால் தியானம் முடிந்தது என்று பொருள்.

அவர் இறந்த மறுவாரம் கூடம் மலைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கூடங்களுக்கு வசதி வந்தால் அவ்வாறு நிகழ்வதுண்டு. இருந்த இடத்தில் பாய்கள் மட்டும் கிடந்தன.

பற்றைத் துறந்தால் உறக்கம் வரும் என்று அறிவேன். ஆனால் மலைமேல் துறப்பதற்குத் தக்க பொருளோடு வருபவரையே உள்ளே விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். திருமணத்திற்குப் போக நகை இரவல் வாங்குவது எங்கள் தெருவில் இயல்பு. ஆகவே அடுத்த வீட்டு அமலோற்பவத்திடம் ஃபிரிட்ஜை இரவல் கேட்டேன்.

"நல்லா துறந்துக்கோ மாயா," என்றாள். "சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துரு. உள்ள வஞ்சிரம் கீது."

"வஞ்சிரத்தைத் துறக்க மாட்டேன்."

"மாட்டே. எஞ்செயினைப் போட்டுனு போய் அப்டியே கொண்டாந்து குடுத்தவதானே நீ."

பேருந்தில் ஃபிரிட்ஜ் சன்னலோரம் அமர்ந்தது. இருமல் அழைக்காமலே வந்து என் மடியில் ஏறிக்கொண்டது.

"பொட்டிக்கு முழு டிக்கெட்டும்மா," என்றார் நடத்துநர். "மடியில என்ன?"

"இருமல்."

"அதுக்கு வேணாம். பஸ்ல பாதிப் பேரு கையில இருக்குது."

மலைமேல் வாயிலில் வரிசை நின்றது. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் தம் நீச்சல்குளத்தை லாரியில் கொண்டுவந்திருந்தார். ஒரு துளியும் சிந்தவில்லை. ஒரு பெண்மணி தம் திராட்சைத் தோட்டத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்தார். காவலர் அவற்றை வாங்கிக்கொண்டு, செருப்புக்குத் தருவதுபோல் டோக்கன் தந்தார்.

"போறப்ப மறக்காம வாங்கிக்குங்க சார்."

உள்ளே எங்கள் கூடம் தெரிந்தது. தகரத்தைக் களைந்துவிட்டுத் தேக்கு அணிந்திருந்தது. என்னைக் கண்டதும் அறியாததுபோல் சன்னலைச் சாத்திக்கொண்டது.

முகப்பில் இருந்த இளம்பெண் ஃபிரிட்ஜின்மேல் காதை வைத்துக் கேட்டாள்.

"ஆன்ட்டி, இதுல உங்க பற்றே இல்லையே. வேற யாரோ இருக்காங்க. மீனைப் பத்தியே நினைச்சிட்டிருக்காங்க."

"அது அமலோற்பவம்."

"உங்க பற்று உங்க இடுப்புலதான் இருக்கு."

இருமலைக் குழந்தையைப்போல் இடுப்பில் வைத்திருந்தேன். அப்பொழுதுதான் அதனை நானும் கவனித்தேன்.

"அப்போ இதை வாங்கிக்கம்மா. இதை விடத்தான் வந்தேன்."

"ரொம்பச் சின்னது ஆன்ட்டி. உள்ள ஆள் நின்னா தலை இடிக்காத அளவுக்காவது இருக்கணும்."

"எங்க வீட்டிலேயே அவருக்குத் தலை இடிக்கும்மா."

அவள் உண்மையாகவே வருந்தினாள். எலுமிச்சை மிதந்த தண்ணீரை ஒரு குவளை கொடுத்துவிட்டு வாயிலைக் காட்டினாள்.

வெளியே, மைல்கல்லின்மேல், எங்கள் பந்தே அமர்ந்திருந்தார். கூடத்தோடு மலைக்கு வந்த எங்கள் பிக்கு அவர். கண்கள் மூடியிருந்தன. காதுக்கும் தோளுக்கும் இடையில் ஒரு சிலந்தி வலை கட்டிக் குடியிருந்தது.

"உள்ளே போகலியா பந்தே?"

"விடலம்மா. திருவோடு ஒண்ணுதானே இருக்குன்னாங்க. அதுக்குள்ள ஆள் நிக்க முடியாதாம்."

"ஊருக்குத் திரும்பியிருக்கலாமே?"

"எப்படி எழுந்திருக்கிறது? தியானத்தை முடிச்சு வைக்க அறவாழி இல்லையே."

இருமல் என் இடுப்பிலிருந்து இறங்கியது. அவருக்குப் பின்னால், கடைசி வரிசை இருந்திருக்க வேண்டிய இடத்திற்குப் போய் நின்றது. ஒருமுறை இருமியது.

பந்தே கண்களைத் திறந்தார். "அப்பாடா," என்றார். கால்களை நீட்டினார். அவை சாலையின் மறுபுறம்வரை நீண்டு, அங்கிருந்த வேலியைத் தொட்டுத் திரும்பின. சிலந்தி மனத்தாங்கலோடு மைல்கல்லுக்கு இடம் மாறியது.

"இதைத் துறக்கலாம்னு வந்தேன் பந்தே. கண்ணை மூட விடமாட்டேங்குது."

"மூடுறதுக்கு முன்னால பஞ்சசீலம் சொன்னீங்களா?"

"இல்லை."

"சொல்லாம உட்கார்ந்தா, ஆரம்பிச்சது எப்போன்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்? கண்ணை மூடின உடனே முடிச்சு வச்சிருக்கு. பாவம், அது வேலையை அது பார்க்குது."

கீழிறங்கும் பேருந்து வந்தது. பந்தேயும் ஃபிரிட்ஜும் நானும் அமர்ந்தோம். இருமல் யாரும் சொல்லாமலே கடைசி இருக்கைக்குச் சென்றது. நாங்கள் பஞ்சசீலம் சொன்னோம். நடத்துநரும் பயணச்சீட்டைக் கிழிப்பதை நிறுத்திவிட்டு உடன் சொன்னார். உயிர்க்கொலை செய்யேன் என்ற இடத்தில் ஃபிரிட்ஜ் சற்றே அதிர்ந்தது.

நான் கண்ணை மூடினேன். இருமல் இருமவில்லை.

பெரம்பூர் வந்தது. தியானம் முடியாமையால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தத்தில் காத்திருந்த அமலோற்பவம் "மாயா! மீனு!" என்று கூவிக்கொண்டே வண்டியோடு ஓடிவந்து ஏறிவிட்டாள். என் முகத்தைக் குனிந்து பார்த்தாள். என் அருகில் அமர்ந்து, சரிந்த என் தலையைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டாள். பிறகு கடைசி இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அறவாழி அண்ணே," என்றாள் தாழ்ந்த குரலில். "மீனு கெட்டா கெடட்டும். மெதுவா இருமு."

நான் உறங்கிக்கொண்டே அதைக் கேட்டேன்.