திருகின் மேல் ஒரு சிவப்புக் கோடு

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்தது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ வைத்த சின்ன பெட்ரோல் கார். எஞ்சின் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது, உள்ளே யாரும் கை வைத்ததில்லை. அதை ஓட்டுகிறவள் ஒரு மெக்கானிக்கின் நாத்தனார். அடிவாரத்து கிளினிக்குகளில் எடுத்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, மலைமேல் இருக்கும் லேப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. மதியம் மெஷின் ஓடத் தொடங்குவதற்குள் பெட்டி உள்ளே இருக்கவேண்டும். ஏற்றத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் போச்சு.

"இன்னொரு தடவை லேட்டானா, ரூட்டை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்மா. தப்பா நினைக்காதீங்க" என்று லேப் மேனேஜர் சொல்லிவிட்டார்.

அவள் நேராக அண்ணியிடம் போனாள். அண்ணிதான் அந்த மெக்கானிக். வீட்டின் முன்பக்கம்தான் ஒர்க்‌ஷாப், பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரு கதவு, அதில் கிரீஸ் விரல்களின் அடையாளம்.

"அண்ணி, டர்போ பூஸ்டைக் கொஞ்சம் ஏத்திக் குடுங்க. லாரியைத் தாண்டினா போதும்."

"ஏத்தலாம். ஆனா என் இஷ்டத்துக்குத்தான் ஏத்துவேன். அவசரப்பட்டா வண்டியும் மிஞ்சாது, ரூட்டும் மிஞ்சாது."

அண்ணியின் இஷ்டம் என்றால் ஆமை வேகம். முதலில் ரப்பர் குழாய்களில் எங்காவது காற்றுக் கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தாள். பிளக்குகளைப் புதிதாக மாற்றினாள். தரம் கூடிய பெட்ரோலைத்தான் போடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். பிறகுதான் டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டும் பூஸ்ட் திருகில் கை வைத்தாள், அதுவும் கால் சுற்று. கால் சுற்று திருகுவாள், மலையேறிப் பார்ப்பாள், இறங்கி வந்து மறுபடி கால் சுற்று. எஞ்சினில் ஒரு மைக்கைக் கவ்வவிட்டு, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வருவாள்.

"என்ன கேக்கறீங்க, சினிமாப் பாட்டா?"

"நீயும் கேளு. இப்ப சும்மா உறுமுது. அளவு மீறினா தகர டப்பாவுல பட்டாணியைக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வரும். அது வந்தா பிஸ்டன் அடி வாங்குதுன்னு அர்த்தம். கேட்ட உடனே காலை எடுத்துடணும், யோசிக்கவே கூடாது."

எட்டில் இருந்த அழுத்தம் மெல்ல ஏறிப் பன்னிரண்டைத் தொட்டபோது ஹெட்போனில் பட்டாணி குலுங்கியது. இருவருமே கேட்டார்கள். அண்ணி திரும்பப் பத்துக்கு இறக்கி, அங்கேயே நிறுத்தினாள். பிறகு டூல் பெட்டியிலிருந்து ஒரு நெயில் பாலிஷ் குப்பியை எடுத்துத் திருகின் தலையிலிருந்து கீழ்வரை சிவப்பாய் ஒரு கோடு இழுத்தாள். திருகு அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். அண்ணி நகத்துக்குப் பூசி யாரும் பார்த்ததில்லை.

வண்டி பறந்தது. லாரிகளைத் தாண்டியது. மேனேஜர் சிரிக்கக்கூடச் செய்தார்.

இந்தச் சந்தோஷத்தில் அண்ணனும் தன் பங்கைச் செய்தார். அவர் போர்டு எழுதுகிறவர். 'அவசரம் - ரத்த மாதிரி' என்று அழகாக ஒரு தகரப் பலகை எழுதி, முன் பம்பரில் தன் கையாலேயே முடுக்கினார்.

"என்னண்ணே, எழுத்தெல்லாம் திரும்பியிருக்கு?"

"முன்னாடி போற லாரிக்காரன் கண்ணாடியில பார்த்தா நேரா தெரியும். அண்ணனை என்னன்னு நினைச்சே?"

"நேர்ல பாக்கறவன்?"

"அவன் எதுக்கு ஒதுங்கணும்?"

வெயில் ஏறத் தொடங்கியது. வண்டி பழையபடி சோம்பலானது. ஏற்றத்தில் மிதித்தால் யோசித்து யோசித்து ஏறியது. அண்ணியிடம் கேட்டால், "பத்துக்கு மேல கிடையாது" என்று ஒரே பேச்சு. நாத்தனாருக்கு மேனேஜரின் முகம் கண்முன் நின்றது. பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, அவளே அரைச் சுற்று திருகினாள். முறிந்த கோட்டைச் சுரண்டிவிட்டு, கைப்பையில் இருந்த நெயில் பாலிஷை எடுத்துப் புதுக்கோடு போட்டாள்.

அன்று உச்சி வெயிலில், லாரியின் பின்னால், முழுசாக மிதித்தபோது பட்டாணி குலுங்கியது. ஹெட்போன் தேவைப்படவில்லை, வெறும் காதிலேயே கேட்டது. யோசிக்காமல் காலை எடுத்தாள். லாரியின் புகையைக் குடித்தபடி மலை முழுக்க ஊர்ந்து, மெஷின் மூடியை மூடப்போகிற நேரத்தில் பெட்டியை நீட்டினாள். வந்த வழியே நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விட்டாள்.

அண்ணி பானெட்டைத் தூக்கினாள். கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏண்டி, நான் போட்டது சிவப்பு. இது என்ன ரோஸு?"

"அது பீச் கலர், அண்ணி."

"ஓஹோ. பேரு வேற சொல்றா."

அதற்குமேல் திட்டவில்லை. பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவியதுபோல் புள்ளி இருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். புள்ளி இல்லை. மீட்டரைச் சொருகி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்த்தாள். நான்கும் அண்ணன் தம்பிபோல் ஒத்துப்போயின. நாத்தனார் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"சரி. ஆனா பத்துல நல்லா ஓடின வண்டி ஏன் சோம்பலாச்சு? நான் கோடு போட்டதுக்கப்புறம் இதுல என்ன மாறிச்சு, சொல்லு."

"எதுவும் மாறல. வெயில்தான்."

"வேற?"

"வேற என்ன... அண்ணன் போர்டு மாட்டினாரு."

அண்ணி தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். பம்பருக்கு உள்ளேதான் இன்டர்கூலர் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பு எப்படிச் சுடும் என்று. டர்போ அமுக்கும் காற்றும் அப்படித்தான் சுடும். அந்தச் சூட்டை எதிர்க்காற்றில் ஆற்றுவதுதான் இன்டர்கூலரின் வேலை. ஆறாவிட்டால் வண்டி சோம்பும், பட்டாணியும் சீக்கிரம் குலுங்கும். அதன் முகத்தை மறைத்துக்கொண்டு 'அவசரம்' நின்றது.

"தினம் இதைத் தாண்டித்தான் போறேன்" என்றாள் அண்ணி மெதுவாக. "எழுத்தைப் பார்த்தேன், பின்னால இருக்கறதைப் பார்க்கல. ஏங்க! கொஞ்சம் இங்க வாங்க!"

அண்ணன் துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கியது. "ரெண்டு பேரும் நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. வண்டிக்கு மூச்சு முட்டற அளவுக்கு நல்லா இருக்கு."

பலகை காரின் கூரைக்கு ஏறியது. திருகு பத்துக்கு இறங்கியது. அண்ணி கையை நீட்டினாள். "உன் பீச்சைக் குடு. அந்தக் கலரு என்கிட்ட கிடையாது. இனிமே கோடு முறிஞ்சா உன்னாலதான் மறுபடி போட முடியும். அதனால காவலும் நீதான்." கோட்டை இழுத்துவிட்டுக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் வெயிலில் அண்ணியும் ஹெட்போனோடு ஏறிக்கொண்டாள். பாதி மலையில் ஒரு லாரி. கண்ணாடியில் பார்த்த டிரைவர் ஓரமாக ஒதுங்கி, போ என்று கையசைத்தான். நாத்தனார் மிதித்தாள். வண்டி தயங்காமல் ஏறித் தாண்டியது. ஹெட்போனில் வெறும் உறுமல்.

"அண்ணி, போர்டைப் படிச்சுட்டுத்தான் ஒதுங்கினான்!"

"தெரியும். உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, வீட்டுல இருக்க முடியாது."